பழைய ஆய்வேடுகளை மீட்டலும் பகிர்வுக் கோப்புறையும்

இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தைப் பொருளாகக் கொண்டு 1990-ஆம் ஆண்டுகளில் எழுதப்பெற்ற பட்ட ஆய்வேடுகளுள் பல, கணிப்பொறியில் அச்சுக்கோக்கப்பெற்றவை. அவற்றின் அச்சுப்படி நூலகத்தில் ஒன்றோ இரண்டோ இருக்கும். மூலக் கோப்போ நெகிழ்வட்டிலோ குறுந்தகட்டிலோ துறையலமாரியின் ஒரு மூலையில் கிடக்கும். அக்கோப்பினை இன்றைய கணிப்பொறியில் திறந்து பார்ப்போர் காண்பது தமிழன்று. தலைக்குறி இட்ட ஐரோப்பிய எழுத்துகளும் இன்னதென்று அறியவொண்ணாக் குறிகளும் கலந்த ஒரு வரிசையே. கோப்பு கெட்டுவிட்டது எனக் கருதி வட்டினைக் குப்பையில் இடுவாரும் உளர். கோப்பு கெடவில்லை. அதனைப் படிக்கவல்ல எழுத்துருவும் மென்பொருளும், அவை இயங்கிய பழைய விண்டோஸும் நம் மேசையில் இல்லை என்பதே உண்மை.

அச்சுப்படியை ஒளிவருடி, எழுத்துணரி மென்பொருள் கொண்டு படிக்கலாகாதோ எனின், அதுவும் ஒரு வழியே. ஆயினும் மங்கிய படியில் சிறு எழுத்தில் அமைந்த அடிக்குறிப்பையும், இடையிடையே வரும் அறபுச் சொற்களையும் அம்மென்பொருள் பிழைபடப் படிக்கும். ஆய்வாளர் தம் கையால் தட்டச்சிட்ட கோப்பு கைவசம் இருக்கும்போது அதனை விட்டு நிழலைப் பிடிப்பானேன்?

பழைய இயக்க அமைப்பினை இன்றைய கணிப்பொறியினுள்ளேயே மீண்டும் இயக்குதற்கு மெய்நிகர் கணிப்பொறி உதவுகின்றது. அதனை நிறுவும் முறை பலரும் அறிந்தது. நிறுவிய பின்னர், இன்றைய கணிப்பொறியில் உள்ள கோப்பினைப் பழைய விண்டோஸினுள் கொண்டு செல்வதும் ஆங்கிருந்து மீட்டுக் கொணர்வதும் எவ்வாறு என்பதே ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். இடையிலுள்ள அவ்வாயிலுக்குப் பகிர்வுக் கோப்புறை என்று பெயர். மூலம் அழிவது பெரும்பாலும் அவ்வாயிலில்தான்.

விருந்தும் ஓம்புநரும்

ஒரே பெருங்கணிப்பொறியைப் பலர்க்கும் தனித்தனிக் கணிப்பொறி போலத் தோன்றச் செய்யும் முறையினை ஐபிஎம் நிறுவனம் 1960-களிலேயே ஆய்ந்து, 1972-இல் விஎம்/370 என்னும் பெயரில் வெளியிட்டது. விண்டோஸும் லினக்ஸும் இயங்கும் மேசைக் கணிப்பொறிகளில் அது பரவ வழிசெய்தது 1999-இல் வந்த விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன். 2007-இல் கட்டற்ற மென்பொருளாக வெளிவந்த வர்ச்சுவல்பாக்ஸ், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் கைக்குச் சென்று, 2010-இல் அந்நிறுவனத்தோடு ஆரக்கிளைச் சேர்ந்தது. அதன் அடிப்படைப் பகுதி விலையின்றிக் கிடைத்தலால், கல்லூரித் துறைக்கு ஏற்றதென இக்கட்டுரையில் அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்கின்றோம்.

இத்துறையின் ஆங்கிலக் கலைச்சொற்கள் மெய்யான கணிப்பொறியை விருந்து ஓம்புபவர் என்றும், அதனுள் இயங்கும் மெய்நிகர்க் கணிப்பொறியை விருந்தினர் என்றும் பொருள்படுமாறு அமைந்துள்ளன. நாமும் ஓம்புநர், விருந்து என்றே வழங்குவோம். தொல்காப்பியச் செய்யுளியலில் விருந்து என்பது புதுமை என்னும் பொருளில் எண்வகை வனப்புகளுள் ஒன்றாக வருதலைத் தமிழ் மாணவர் அறிவர். நம் செய்தியிலோ ஓம்புநர் புதியவர், விருந்தினர் பழையவர். 2014 ஏப்ரலில் மைக்ரோசாப்ட் நிறுவனம் கைவிட்ட விண்டோஸ் எக்ஸ்பியும், அதற்கு முன்னரே 2006-இல் கைவிடப்பட்ட விண்டோஸ் 98-உம் நம் வீட்டிற்கு வரும் விருந்தினர்.

விருந்தின் வன்தட்டு முழுவதும் ஓம்புநரிடத்து ஒற்றைப் பெருங்கோப்பாக இருக்கும். அதனுள் உள்ள ஆயிரக்கணக்கான கோப்புகள் ஓம்புநரின் கண்ணுக்குப் புலனாகா. அவ்வாறே ஓம்புநரின் கோப்புறைகளையும் விருந்து காணாது. இச்சுவர் குறையன்று, வேண்டிச் செய்யப்பட்டது. பழைய நெகிழ்வட்டுகளில் அக்காலக் கணிப்பொறி நச்சுநிரல்கள் உறங்கிக் கிடக்கக்கூடும். 1995-இல் தோன்றிய கான்செப்ட் என்னும் நச்சுநிரல் வேர்ட் ஆவணங்கள் வழியே பரவியதை அக்காலத்தார் மறந்திரார். அத்தகையது விழித்தெழுந்தாலும் சுவருக்கு அப்பால் வாராது. பகிர்வுக் கோப்புறை என்பது அச்சுவரில் நாமே துளைக்கும் ஒரு வாயில். எனவே எங்குத் துளைப்பது, எத்துணை அகலம் துளைப்பது என்பதில் நிதானம் வேண்டும்.

வாயிலின் இயல்பு

பகிர்வுக் கோப்புறையைப் பற்றிப் பலரிடத்தும் காணப்படும் பிழையான எண்ணம் ஒன்றுண்டு. ஓம்புநரின் கோப்புறையைப் பகிர்ந்தவுடன் அதன் நகல் ஒன்று விருந்தினுள் சென்று சேர்கின்றது என்பதே அது. அங்ஙனம் அன்று. நகல் எதுவும் எடுக்கப்படுவதில்லை. விருந்தினுள் நிறுவப்பட்ட ஒரு துணைநிரல், "இக்கோப்பைத் திற, இவ்விடத்திலிருந்து படி, இதனை எழுது, இதனை அழி" என்னும் ஆணைகளை ஓம்புநரிடத்துள்ள மென்பொருளுக்கு அனுப்புகின்றது. அம்மென்பொருள் அவ்வாணைகளை மெய்யான கோப்பின்மீதே நிறைவேற்றுகின்றது. அதுவும் ஓம்புநர்க் கணிப்பொறியில் அமர்ந்திருக்கும் நம்முடைய உரிமையைக் கொண்டே நிறைவேற்றுகின்றது. விருந்தினுள் தோன்றும் கோப்புறை ஒரு சாளரம். சாளரத்தின் வழியே கையை நீட்டி உடைத்தால் உடைவது மெய்யான குடமே.

இதனால் விளைவன இரண்டு. விருந்தினுள் அழித்த பகிர்வுக் கோப்பு விருந்தின் குப்பைக்கூடைக்குச் செல்வதில்லை, நேரே மறைந்துவிடுகின்றது. இது முதலாவது.

இரண்டாவது இதனினும் இடர் மிக்கது. மெய்நிகர்க் கணிப்பொறியின் அரும்பயன்களுள் ஒன்று நிலைப்பிடிப்பு. விருந்தின் அன்றைய நிலையை அப்படியே பிடித்து வைத்து, பின்னர் ஏதேனும் கெட்டால் பழைய நிலைக்குத் திரும்பலாம். இவ்வசதி தரும் துணிவினால் மாணவர்கள் விருந்தினுள் அஞ்சாமல் சோதனை செய்வர். ஆனால் நிலைப்பிடிப்பு மீட்பது விருந்தின் வன்தட்டை மட்டுமே. பகிர்வுக் கோப்புறை அவ்வன்தட்டில் இல்லை. பழைய சொற்செயலியில் திறந்து, தவறான எழுத்துருவில் மாற்றிச் சேமித்துவிட்ட ஆய்வேடு, விருந்தை நேற்றைய நிலைக்குத் திருப்பினாலும் நேற்றைய நிலைக்குத் திரும்பாது. திரும்பும் என்று நம்பியிருப்பது ஒற்றைப் படியே எஞ்சியுள்ள ஓர் ஆய்வேட்டை இழக்கும் வழி. ஆய்வாளர் துறையினிடம் ஒப்படைத்துச் சென்ற கோப்பு ஓர் அமானிதம். அதில் துணிவுக்கு இடமில்லை.

எனவே பகிரப்படுவது எக்காலத்தும் மூலமாக இருத்தலாகாது. மூலத்தின் நகலாகவே இருத்தல் வேண்டும். நெகிழ்வட்டைச் செருகும் முன்னரே அதன் மூலையிலுள்ள சிறு தாழை நகர்த்தித் துளையைத் திறந்து வைப்பின் அவ்வட்டில் எதனையும் எழுதவொண்ணாது. யுஎஸ்பி வழி இணையும் நெகிழ்வட்டு இயக்கி கொண்டு வட்டினை முழுமையாக ஒரு படிமக் கோப்பாக எடுத்துத் தனியிடத்தில் வைத்த பின்னரே பிற பணிகளைத் தொடங்குதல் நன்று. ஒரு வட்டின் கொள்ளளவு 1.44 மெகாபைட்டே ஆதலின், நூறு வட்டுகளின் படிமங்களும் இன்றைய ஒரு விரற்கடைச் சேமிப்பானில் மிக எளிதாக அடங்கும்.

திறக்கும் முறை

ஓம்புநரிடத்து இரண்டு கோப்புறைகளை உருவாக்குக. ஒன்றில் ஆய்வேட்டின் நகலும் அதற்குரிய எழுத்துருக் கோப்புகளும் இருக்கட்டும். மற்றொன்று வெறுமையாக இருக்கட்டும். முன்னதற்கு மூலம் என்றும் பின்னதற்கு மீட்பு என்றும் பெயரிடலாம். ஆனால் அப்பெயர்களை ஆங்கில எழுத்தில், இடைவெளியின்றி எழுதுக. தமிழ்த்துறையில் தமிழிற் பெயரிடலாகாதோ எனச் சினப்பார்க்கு விடை இதுவே: விண்டோஸில் தமிழுக்கு ஒருங்குறி வழியன்றிப் பழைய எட்டுத் துணுக்கு முறையிலான குறிப்பக்கம் அமையவே இல்லை. 1990-களின் மென்பொருள்களோ ஒருங்குறி அறியாதவை. அவை தமிழ்ப் பெயரை வினாக்குறிகளின் வரிசையாகக் காணும். வினாக்குறி கொண்ட பெயரில் கோப்பினைத் திறக்க இயலாமையால் கோப்பே இல்லை என்று கூறும். விருந்தாகிய எக்ஸ்பி அப்பெயரைச் சரியாகவே காட்டும்; அதனுள் இயங்கும் பழைய சொற்செயலிதான் தடுமாறும். காரணம் அறியாதார்க்கு இது பேய்ச்செயல் போலத் தோன்றும்.

அடுத்து விருந்தை இயக்கி, வர்ச்சுவல்பாக்ஸின் சாதனங்கள் பட்டியலினின்று கெஸ்ட் அடிஷன்ஸ் எனப்படும் துணைநிரல் குறுந்தகட்டைச் செருகி, அதனை விருந்தினுள் நிறுவி, விருந்தை மீளத் தொடங்குக. இத்துணைநிரல் இல்லையேல் வாயில் இல்லை. பகிர்வு தோன்றவில்லை என்று வருந்துவாருள் பெரும்பாலோர் இதனை நிறுவ மறந்தவரே. பின்னர் அமைப்புகளில் பகிர்வுக் கோப்புறைப் பகுதிக்குச் சென்று இரண்டு கோப்புறைகளையும் சேர்க்கலாம். மூலக் கோப்புறைக்குப் 'படிக்க மட்டும்' என்னும் கட்டத்தைத் தவறாது குறியிடுக. மீட்புக் கோப்புறைக்கு அக்குறி வேண்டா. 'தானே இணைக' என்பதைக் குறித்தால் எக்ஸ்பியின் என் கணிப்பொறிச் சாளரத்தில் இரண்டும் தனித்தனி இயக்கிகளாகத் தோன்றும். லினக்ஸ் விருந்தாயின், பயனரை இப்பகிர்வுக்கென உள்ள குழுவில் சேர்த்தாலன்றி உள்ளே நுழைய இசைவு கிட்டாது.

இங்ஙனம் படிப்பதற்கு ஒரு வாயில், எழுதுவதற்கு வேறொரு வாயில் என வகுத்துவிட்டால், விருந்தில் எப்பிழை நேரினும், எந்நச்சுநிரல் விழிப்பினும், சேதமுறக்கூடியது மீட்புக் கோப்புறை ஒன்றே. முழு வன்தட்டையும், அல்லது தம் ஆவணங்கள் அனைத்தும் அடங்கிய கோப்புறையையும் ஒருசேரப் பகிர்ந்துவிடுவது எளிது என்பதற்காக அவ்வாறு செய்வாரைக் காண்கின்றோம். வந்த விருந்தினர்க்குத் திண்ணையைக் காட்டுவதை விடுத்து வீட்டுச் சாவிக்கொத்தையே கையில் கொடுப்பது போன்றது அது.

இயங்கிக்கொண்டிருக்கும் விருந்துக்குப் பகிர்வைச் சேர்க்கும்போது அதனை நிலைப்படுத்தவோ, விருந்து அணைந்ததும் மறையும் தற்காலிகப் பகிர்வாக விடவோ இயலும். தற்காலிகமாக விடுதலே தக்கது என்பது எமது கருத்து. விருந்தோம்பலுக்கு நபி (ஸல்) அவர்கள் மூன்று நாள் எல்லை வகுத்தமை நாம் அறிந்ததே.

இவ்வாயில் விண்டோஸ் 98-க்குப் பயன்படாது. வர்ச்சுவல்பாக்ஸின் துணைநிரல் அதற்கு இல்லை. ஆயினும் அதனினும் பாதுகாப்பான வழியொன்று உண்டு. மூலக் கோப்புறையை ஐஎஸ்ஓ என்னும் குறுந்தகட்டுப் படிமமாக ஆக்கி, அதனை விருந்தின் குறுந்தகட்டு இயக்கியில் இட்டால், 98 அதனை மெய்யான தகடு எனவே கருதிப் படிக்கும், எழுத இயலாது. விருந்திலிருந்து கோப்பை மீட்க வெற்று நெகிழ்வட்டுப் படிமம் ஒன்று போதும். மெதுவான முறைதான், ஆனால் ஓர் ஆய்வேட்டின் உரைப்பகுதி ஒரு நெகிழ்வட்டில் அடங்குவதே பெரும்பான்மை.

விருந்துக்கும் ஓம்புநருக்கும் இடையே வலையமைப்பை ஏற்படுத்தி விண்டோஸின் வழக்கமான கோப்புப் பகிர்வால் கொண்டு செல்லலாமே என்பாரும் உளர். எக்ஸ்பி பேசும் பகிர்வு நெறி எஸ்எம்பியின் முதற்பதிப்பு. 2017 மே மாதத்தில் உலகெங்கும் மருத்துவமனைகளையும் அலுவலகங்களையும் முடக்கிய வான்னாகிரை நச்சுநிரல் நுழைந்தது அந்நெறியின் ஓட்டை வழியேதான். இன்றைய விண்டோஸ் அதனை இயல்பாக மூடி வைத்துள்ளது. ஒரு பழைய விருந்தினர்க்காக அதனை மீளத் திறத்தல் வேண்டா. விருந்தின் வலையிணைப்பை முற்றிலும் துண்டித்துவிட்டாலும் பகிர்வுக் கோப்புறை இயங்கும். அது வலையை நம்பியதன்று.

எழுத்தின் வழியே நேர்ந்த ஓட்டை

பகிர்வுக் கோப்புறைதானும் முற்றும் பழுதற்றதோ எனின், அன்று. 2008 பிப்ரவரியில் கோர் செக்யூரிட்டி நிறுவனம் வெளிப்படுத்திய ஒரு குறை தமிழ் மாணவர்க்குத் தனிச்சுவை பயக்கும். விஎம்வேரின் பகிர்வில், விருந்து கேட்கும் கோப்பின் பாதை பகிர்ந்த கோப்புறைக்கு உள்ளேதான் உள்ளதா என்பதைக் காவல் நிரல் ஒன்று சோதிக்கும். பாதையில் இரட்டைப் புள்ளி வந்தால் 'ஒரு படி மேலே செல்க' என்பது கணிப்பொறி வழக்கு. ஆதலின் இரட்டைப் புள்ளி உள்ள பாதையைக் காவல் தடுத்துவிடும். ஆனால் அக்காவல் சோதித்தது ஒரு குறியேற்றத்தில். சோதனைக்குப் பின்னர் பாதை வேறொரு குறியேற்றத்திற்கு மாற்றப்பட்டது. முதற்குறியேற்றத்தில் புள்ளி போலத் தோன்றாத சில பைட்டுகள், மாற்றிய பின்னர் புள்ளிகளாயின. காவலைக் கடந்த பின் வேடம் கலைந்தது. அதனால் விருந்தினுள் இருப்பவர் ஓம்புநரின் எக்கோப்பையும் படிக்கவும் எழுதவும் வழி பிறந்தது. வொர்க்ஸ்டேஷன் 5.5.4, 6.0.2 ஆகிய பதிப்புகளில் இருந்த அக்குறை பின்னர்த் திருத்தப்பட்டது. குறியேற்றம் என்பது அச்சுக்கோப்பவர் கவலை என்று ஒதுக்குவார் இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்த்தல் தகும். நடைமுறையில் இதனால் பெறப்படுவது: மெய்நிகர் மென்பொருளின் புதிய பதிப்பையே ஓம்புநரிடத்து வைத்திருக்க வேண்டும், விருந்துதான் பழையதாக இருக்கலாம்.

வாயில் கடந்த பின்

கோப்பு உள்ளே சென்று, எழுத்துரு நிறுவப்பட்டு, பழைய பேஜ்மேக்கரிலோ சொற்செயலியிலோ ஆய்வேடு தமிழாய் மலரும்போது பணி பாதியே முடிந்தது. அங்கிருந்து ஓம்புநருக்கு இரண்டு வடிவங்களைக் கொணர வேண்டும். ஒன்று, பக்கத்தின் தோற்றம். போஸ்ட்ஸ்கிரிப்ட் அச்சுப்பொறி ஒன்றை விருந்தினுள் பெயரளவில் நிறுவி, 'கோப்பில் அச்சிடுக' எனப் பணித்து, அக்கோப்பை மீட்புக் கோப்புறையில் சேமித்தால், ஓம்புநரிடத்து அதனைப் பிடிஎஃப் ஆக மாற்றலாம். பக்க எண்ணும் அடிக்குறிப்பும் அட்டவணையும் அன்று இருந்தவாறே கிடைக்கும். ஆயினும் அதனுள் ஒரு சொல்லைத் தேட இயலாது. கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினும் உள்ளே இருப்பது பழைய குறிகளே. ஆதலின் உரையை மட்டும் தனியாக மற்றொரு கோப்பாகக் கொணர்ந்து ஒருங்குறிக்கு மாற்றுதல் இன்றியமையாதது.

விருந்தில் நகலெடுத்து ஓம்புநரில் ஒட்டும் பொது ஒட்டுப்பலகை வசதியும் உண்டு. ஒரு பத்திக்கு ஆகும். ஓர் இயலுக்கு ஆகாது.

மாற்றுதலில் எழும் இடர்ப்பாடுகள் தமிழின் எழுத்தமைப்பைப் பற்றியவை. ஒருங்குறியின் 1991-ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. எனினும் 1990-களில் ஒவ்வொரு நிறுவனமும் தத்தம் விருப்பப்படி எழுத்துருவை அமைத்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டியே டாம், டாப் என்னும் பொதுத்தரங்கள் வந்தன. தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது 2010 ஜூனில். பழைய எழுத்துருக்களிற் பெரும்பாலானவை எழுத்தைக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் சேமித்தவை. கொ என்னும் எழுத்து அவற்றில் ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகள். ஒருங்குறியிலோ ககரம் முதலில். ஒகரக் குறி அதனைத் தொடரும். மாற்றும் நிரல் இவ்விடமாற்றத்தைச் செய்துவிடும். அது தடுமாறுவது ஔகாரத்தில்தான்.

மௌலவி என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஔகாரக் குறியின் பின்துண்டும் ளகரமும் வடிவில் ஒன்றாதலின், தட்டச்சுப் பொறிக் காலத்திலிருந்தே இரண்டிற்கும் ஒரே விசை பயன்பட்டு வந்தது. பழைய கோப்பில் ஒற்றைக்கொம்பு, மகரம், ளகரம், லகரம் என்றே அது நிற்கும். நிரல் அதனை 'மெளலவி' என நான்கெழுத்தாக்கிவிடும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் மௌலவி என்று தேடும் மாணவர்க்கு அவ்வாய்வேட்டில் ஒரு மௌலவியும் அகப்படமாட்டார். மௌலானாவும் தௌஹீதும் ஷௌகத்தும் அவ்வாறே மறைவர். பிற துறை ஆய்வேடுகளில் பௌர்ணமியும் சௌகரியமும் எப்போதாவது வரும். இஸ்லாமியத் தமிழ் ஆய்வேட்டில் பக்கத்திற்குப் பக்கம் இச்சிக்கல் உண்டு.

நபிபெருமானாரின் திருப்பெயரை அடுத்து இடப்பெறும் வாழ்த்துச் சின்னத்திற்கு ஒருங்குறியில் தனியிடம் உண்டு. பழைய எழுத்துருவில் அஃது எவ்விடத்தில் அமர்ந்தது என்பது அவ்வெழுத்துருவை நேரிற் கண்டாலன்றித் தெரியாது. கிரந்த எழுத்துகளின் நிலையும் இத்தகையதே. எனவேதான் எழுத்துருக் கோப்பையும் ஆய்வேட்டோடு மூலக் கோப்புறையில் வைக்குமாறு மேலே கூறினோம்.

ஏட்டுச்சுவடியாக வழங்கிய சீறாப்புராணத்தை 1842-இல் அச்சேற்றிய செய்கப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் போன்றோர் ஏட்டை அருகில் வைத்துப் பாடம் நோக்கினர். நமக்கு அந்த ஏடு விருந்தின் சாளரம். திரையின் ஒரு பாதியில் பழைய சொற்செயலியில் ஆய்வேட்டின் பக்கமும், மறுபாதியில் மாற்றிய ஒருங்குறி உரையும் நிற்க, இருவர் அமர்ந்து ஒருவர் படிக்க மற்றவர் சரிபார்ப்பின் ஓர் இயலை ஒரு பிற்பகலில் முடித்துவிடலாம். முடித்த உரையோடு, எந்த எழுத்துருவிலிருந்து, எந்த மென்பொருளின் எப்பதிப்பில் திறந்து, என்று மாற்றப்பட்டது என்னும் குறிப்பினை ஒரு சிறு கோப்பாக எழுதி மீட்புக் கோப்புறையில் சேர்த்து, அதன் பின்னரே விருந்தை அணைத்துப் பகிர்வை நீக்குக. நெகிழ்வட்டை மீண்டும் அலமாரியிலேயே வைக்கலாம்; தாழ் திறந்தபடியே இருக்கட்டும்.